மாசிக்காய்

மாசிக்காய் என்பது நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சரக்குகளுள் ஒன்று. காய் எனப் பெயர் பெற்றிருப்பினும் அது காயன்று, பூவினின்று தோன்றியதுமன்று. ஒரு சிறு குளவிக்காக மரம் அமைத்துத் தந்த வீடே அது.

துருக்கி, சிரியா முதலிய நாடுகளில் ஒருவகை ஓக் மரம் வளர்கின்றது. அதன் மொட்டில் பெண் குளவி முட்டையிடும். முட்டையினின்று வெளிப்படும் புழுவின் தூண்டுதலால், மரத்தின் தசை அதனைச் சூழ்ந்து உருண்டையாகத் திரளும். அவ்வுருண்டையே புழுவுக்கு உறையுளும் உணவும் ஆகும். புழு முதிர்ந்து குளவியானதும் சுவரைத் துளைத்து வெளியேறும். மாசிக்காய் சிலவற்றில் காணப்படும் சிறு துளை அக்குளவி சென்ற வழியேயாம்.

எறும்பு, தேனீ, குளவி ஆகிய மூன்றும் பூச்சியினத்துள் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவி, பிற புழுக்களைக் கொட்டிக் கொணர்ந்து தன் இளம்புழுவுக்கு இரையாக்கும். மாசிக்காய்க் குளவியின் நெருங்கிய உறவினங்கள் பலவும் பிற பூச்சிகளின் உடலையே உண்டு வளர்வன. இதுவோ மரத்தையே உண்டு வளரும், மனிதரைக் கொட்டுவதில்லை. எனினும் இதற்கும் பகையுண்டு. வேறு சிறு குளவிகள் உருண்டையைத் துளைத்து முட்டையிடும். அவற்றின் புழுக்கள் உள்ளிருக்கும் புழுவைத் தின்றுவிடும்.

மாசிக்காயில் துவர்ப்புச் சத்து மிகுதி. குளவி வெளியேறுமுன் பறித்ததே சிறந்ததெனக் கொள்வர். அதன் சாற்றுடன் அன்னபேதி சேர்த்துச் செய்த மையினால் ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் நூல்களையும் ஆவணங்களையும் எழுதினர். புழுவைக் காக்க எழுந்த வீடு மாந்தர்தம் அறிவையும் காத்தது. பெயரளவில் நின்றுவிடாது, பொருளைப் பிளந்து பார்ப்பார்க்கே இத்தகைய உண்மைகள் புலனாகும்.