கொல்லாமை என்னும் முதல் மலர்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா நடைபெறும் 25 நாள்களிலும் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் பலவற்றில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. உணவு விலக்காகவே பெரும்பாலும் அறியப்படும் இவ்வொழுக்கம், யோக நூல்கள் தியானத்துக்கு அடித்தளமாக வைத்த அகிம்சையின் ஒரு கூறே ஆகும்.

யோகத்தின் எட்டு உறுப்புகளை விரிக்கும் திருமூலரின் திருமந்திரத்தில் தீயன விலக்குதலாகிய இயமம் முதலிலும், மனம் ஒன்றிலேயே இடையறாது நிலைத்தலாகிய தியானம் ஏழாவதாகவும் அமைய, இயமத்தில் நிற்பவனின் பண்புகள் கொல்லாமையிலிருந்தே எண்ணப்படுகின்றன. குருபூசையைக் கூறும் மற்றொரு செய்யுளில் திருமூலர் பிற உயிரைக் கொல்லாமையை மலராகவும், சித்தத்தை நடுக்கமற்ற விளக்காகவும் காட்டுகிறார். பிறருக்குத் தீங்கு நினைத்தவனின் மனம், கண்ணை மூடியதும் அச்சத்துக்கும் பகைக்குமே திரும்புமாதலால், மலரும் விளக்கும் ஒரே பூசையில் சேர்ந்தது மிகப் பொருத்தமானது.

பதஞ்சலியின் யோக சூத்திரமும் ஐந்து இயமங்களுள் அகிம்சையையே முதலில் வைக்க, அதற்கு உரை கண்ட வியாசர் ஏனைய இயமங்களுக்கும், நல்லன கடைப்பிடித்தலாகிய நியமங்களுக்கும் அதுவே வேர் என்கிறார். தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்ய உடன்படுவது ஆகிய மூன்றும் இம்சையே என்றும், அவை பேராசை, சினம், மயக்கம் ஆகியவற்றால் விளைவன என்றும் கூறும் அச்சூத்திரம், அத்தகைய எண்ணம் எழும்போது அதன் துன்பப் பயனை நினைந்து எதிர் எண்ணத்தை வளர்க்குமாறு பயிற்சியும் தருகிறது.

கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகளின் (1872–1964) வழிவந்த வண்ணார்பண்ணைச் சிவதொண்டன் நிலையத்தில் மௌனம் பேணப்படுவதற்கும் இந்நோக்கில் ஆழ்ந்த பொருளுண்டு. சொல்லாலும் இம்சை நிகழும்; கையை அடக்கியவருக்கும் நாவை அடக்குதல் அரிது.

உடன்படுதலும் இம்சையே என்ற வரையறையே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மிகக் கடுமையானது. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நுழைவுரிமை கோரி அறவழியில் அமர்ந்தபோது, உள்ளே விடாது தடுக்கப்பட்டதோடு தாக்கவும்பட்டனர். மச்சம் விலக்குவதைத் தூய்மையாகப் போற்றிய சமூகத்திலேதான் இது நிகழ்ந்தது. அன்று கையோங்கியவர்களை மட்டுமன்றி, அதை முறையென்று ஏற்று வீட்டில் விரதம் காத்தவர்களையும் பதஞ்சலியின் வரையறை விட்டுவைப்பதில்லை.