கூடையில் ஒளிந்திருக்கும் பகைவன்

அடைக்கோழி 21 நாட்களில் குஞ்சு பொரித்துவிட்டது. தாயும் குஞ்சுகளும் முற்றத்தில் மேய்கின்றன. அடைவைத்த கூடை மட்டும் அறையின் மூலையில் கிடக்கிறது. அன்றிரவு முதல் வீட்டிலுள்ளோர்க்கு உடலெங்கும் அரிப்பு. காலையில் சிறு சிறு சிவந்த தடிப்புகள். கோழிதான் வெளியே போய்விட்டதே, பிறகு கடிப்பது யார்?

கோழிச்செள்ளு என்னும் சிற்றுயிரே இதற்குக் காரணம். இதைக் கோழிப்பேன் என்றும் சிலர் சொல்வதுண்டு. ஆனால் இது பேன் அன்று. பேன் பூச்சியினத்தைச் சேர்ந்தது. அதற்குக் கால்கள் 6. செள்ளு சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. வளர்ந்த செள்ளுக்குக் கால்கள் 8. இவற்றுள் பெயர்பெற்ற ஒரு வகைக்கு டெர்மனிசஸ் காலினே என்பது அறிவியற் பெயர். நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். பசியோடு இருக்கையில் சாம்பல் நிறமாகவும், இரத்தம் குடித்தபின் சிவப்பாகவும் தோன்றும்.

இதன் பழக்கத்தை அறிந்தால் பாதி வெற்றி நமதே. பகலில் இது கோழியின் மேல் இருப்பதில்லை. கூடையின் பின்னல், பலகை இடுக்கு, சுவர் வெடிப்பு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும். இரவில் வெளிவந்து, கோழியின் உடல் வெப்பத்தாலும் மூச்சுக்காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடாலும் ஈர்க்கப்பட்டு, இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் இடுக்கிற்குத் திரும்பும். கோழி இல்லாதபோது பசி தாங்காமல் அருகில் உறங்கும் மனிதரையும் கடிக்கும். ஆயினும் நம் உடலில் இது குடியிருப்பதில்லை. ஆகவே நம் தோலில் மருந்து தடவுவதால் மட்டும் தொல்லை தீராது. அழிக்க வேண்டியது செள்ளு ஒளிந்திருக்கும் இடத்தில்தான்.

எப்படி அழிப்பது? இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது. 1 மி.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 6 சதுர மி.மீ.; பருமன் 1 கன மி.மீ. இரண்டின் விகிதம் 6. பக்கம் 100 மி.மீ. ஆனால் பரப்பு 60,000, பருமன் 10,00,000. விகிதம் 0.06 மட்டுமே! உருவம் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் நீரோடு ஒப்பிட்டால் அது ஆவியாகும் பரப்பு மிகப் பெரிதாகிறது. எனவே செள்ளுக்கு உலர்தல் பெரும் ஆபத்து. உடலைப் போர்த்தியுள்ள மெல்லிய மெழுகுப் படலமே அதைக் காக்கிறது.

மெல்லிய தூள்கள் இந்தப் படலத்தைச் சிதைக்கும். தூள் பூச்சிகளின் மெழுகை நீக்கி, அவற்றை நீரிழந்து சாகச் செய்கிறது என்பதை இங்கிலாந்தின் விகில்ஸ்வொர்த் 1944-ல் எடுத்துக்காட்டினார். அடைக்கூடையில் நம் கிராமத்தார் சாம்பல் இடுவதையும், கோழி புழுதியில் புரள்வதையும் இப்போது எண்ணிப் பாருங்கள்! ஆனால் சாம்பல் நன்கு உலர்ந்திருக்க வேண்டும், நனைந்தால் பயனில்லை. தூவும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

மற்றோர் ஆயுதம் வெப்பம். 45 டிகிரி செல்சியசுக்கு மேல் செள்ளு நெடுநேரம் பிழைப்பதில்லை. அப்படியானால் கூடையை வெயிலில் வைத்தால் போதாதா? போதாது. மூங்கிலும் மரமும் வெப்பத்தை அரிதில் கடத்துபவை. மேற்பரப்பு சுடும்போதும் உள் இடுக்கு குளிர்ச்சியாகவே இருக்கலாம். செள்ளு அங்கே நகர்ந்துவிடும். கொதிநீரோ இடுக்கினுள் நுழைந்து வெப்பத்தை நேரே கொண்டுசெல்லும். அதில் சிறிது சோப்பைக் கரைத்தால் பரப்பு இழுவிசை குறையும். மெழுகுப் படலத்தின் மேலும் நீர் உருண்டோடாமல் பரவும்.

செய்ய வேண்டியவை இவை: பழைய வைக்கோலை வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். பெரியவர்களின் துணையோடு கூடையிலும் பெட்டியிலும் கொதிக்கும் சோப்புநீரை ஊற்றி, பிறகு வெயிலில் நன்கு காயவிடுங்கள். சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவையுங்கள். ஒரு முறையோடு நிறுத்தக்கூடாது. வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற 7 நாட்களே போதும். தப்பியவை விரைவில் பெருகிவிடும். ஆகவே 5 அல்லது 6 நாட்களுக்கு ஒரு முறையாக, மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும்.

வேறு சில வகைச் செள்ளுகள் பகலிலும் கோழியின் இறகுகளுக்கிடையே தங்குவன. அவை காணப்பட்டாலோ, கொண்டை வெளுத்துக் கோழி சோர்ந்தாலோ, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த இழப்பால் குஞ்சுகள் இறப்பதும் உண்டு.

வயலுக்குத் தெளிக்கும் நஞ்சைக் கோழிமீதோ கூட்டிலோ தெளிக்கலாகாது. 2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் செள்ளை ஒழிக்கப் பண்ணைகளில் பயன்படுத்திய கலவையில் ஃபிப்ரோனில் என்னும் தடைசெய்யப்பட்ட நஞ்சு கலந்திருந்தது. அது முட்டைக்குள் சென்றதால் கோடிக்கணக்கில் முட்டைகளை விற்பனையிலிருந்து நீக்க நேர்ந்தது.

உங்கள் வீட்டுக் கூட்டில் செள்ளு உண்டா? மடித்த அட்டைத் துண்டொன்றை மாலையில் கூட்டின் அடியில் செருகுங்கள். காலையில் வெள்ளைத்தாளின் மேல் அதைத் தட்டி, உருப்பெருக்கியால் பாருங்கள். நகரும் புள்ளிகள் தெரிந்தால் கால்களை எண்ணுங்கள். கூட்டைத் தூய்மை செய்தபின் வாரந்தோறும் இதையே செய்து எண்ணிக்கையைக் குறித்து வாருங்கள். அது குறைந்துவருகிறதா என்பதே உங்கள் முயற்சி பலித்ததா என்று காட்டும் அளவுகோல்.