மாசி மணக்கிற வீட்டுப் பிள்ளையும் ஜப்பான் மேசையும்

பார்க் எக்ஸ்டென்ஷனில் வாடகை வீட்டில் வளர்ந்த பல தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் இருந்திருக்கும். அம்மா வெங்காயத்தோடு மாசிக் கருவாட்டை வதக்கத் தொடங்கினால், யாரும் சொல்லாமலே குளிர்கால ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டுபோய் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துவோம். வெளியே மைனஸ் 20 என்றாலும் குசினி யன்னல் அரைவாசி திறந்திருக்கும். மேல்மாடிக்காரர் ஒருமுறை முறைப்பாடு செய்ய, கட்டட உரிமையாளர் வந்து "மீன் நாற்றம்" பற்றி அம்மாவுக்கு வகுப்பு எடுத்துவிட்டுப் போனார். அப்பா ஒன்றும் கதைக்கவில்லை. டவுன்ரவுன் ரெஸ்ரோறன்ற் ஒன்றில் இரவு முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு வந்த மனுஷன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாசி ஒரு களவுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. ஜோன் தலோன் வீதிக் கடையில் வாங்கி, மூன்று பைக்குள் சுற்றி, அலுமாரியின் அடியில் வைப்பார் அம்மா. வெள்ளைக்காரச் சிநேகிதர் வருகிற நாளில் சம்பல் இல்லை.

போன ஒக்டோபரில் வேலை விஷயமாக டோக்கியோ போனேன். நாங்கள் நாலு பேர்: கியூபெக்காரர் இருவர், அகமதாபாத்தில் பிறந்த சுத்த சைவக்காரி ஒருத்தி, நான். முதல்நாள் கூட்டம் முடிய, அங்குள்ள சக ஊழியர்கள் எங்களை ஒரு 'இஸகாயா'வுக்குக் கூட்டிப் போனார்கள். வேலை முடித்தவர்கள் கூடிக் குடித்து, சின்னச் சின்னத் தட்டுகளில் பகிர்ந்து சாப்பிடும் கடை அது. தன் கிளாசைத் தானே நிரப்புவது அங்கே அவ்வளவு அழகில்லை, பக்கத்திலிருப்பவர்தான் ஊற்றுவார். இந்தப் பந்தி உபசாரம் எங்கட ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பச்சை மீன் வந்தது. நல்லாய்த்தான் இருந்தது. அதைப் பற்றி ஏற்கெனவே எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

அடுத்து வந்தது குளிர்ந்த தோஃபு. மேலே மரச்சீவல் போல மெல்லிய ஏதோ தூவியிருந்தார்கள். வாயில் வைத்ததும் நாக்கு நின்றுவிட்டது. எனக்கு இந்த ருசி தெரியும். அம்மாவின் கட்டைச் சம்பல்! படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரிக் காயவைத்துச் சீவினதாம்" என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "அது மாசியெல்லோ!"

அம்மா சொன்னது கிட்டத்தட்டச் சரி. ஜப்பானியர் 'கட்சுவோபுஷி' என்கிறார்கள். மாசியும் அதுவும் ஒரே மீன், சூரை இனத்தில் வரிச்சூரை. மாலைதீவில் அதை அவித்து, முள் நீக்கி, புகையில் வாட்டி, வெயிலில் காயவைப்பார்கள். அங்கே மீனுக்கு 'மஸ்' என்று பெயர், எங்கள் 'மாசி' அதிலிருந்து வந்ததுதான். ஜப்பானில் புகை போடுதல் வாரக்கணக்கில் நடக்கும். உயர்ந்த ரகத்துக்கு அதன்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தை வளரவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி வளரவிடுவார்கள். முடிய மாதக்கணக்காகும். கட்டையோடு கட்டை தட்டினால் விறகு மாதிரிச் சத்தம் கேட்கும்.

1343இல் மாலைதீவுக்குப் போன இப்னு பதூதா, இந்த மீனைத் துண்டாக்கி அவித்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகையில் தொங்கவிடுவதையும், அது இந்தியா, சீனா, யேமன் வரை ஏற்றுமதியானதையும் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கைப்பக்குவம் கடல்வழியாக ஜப்பானுக்குப் போயிருக்கலாம் என்று கருதும் ஜப்பானிய ஆய்வாளர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. உடனே "நாங்கள்தான் குடுத்தனாங்கள்" என்று கிளம்பவேண்டாம். மாசி எங்களுக்கே மாலைதீவிலிருந்து வந்தது. தமிழும் ஜப்பானும் என்றாலே பேராசிரியர் சுசுமு ஓனோ பெயரைச் சொல்லி மார்தட்டுகிறவர்கள் எங்களில் அதிகம். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள், அந்த உழைப்பில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மொழியியலாளர் பெரும்பாலானோர் அந்த உறவை ஏற்கவில்லை. சாப்பாட்டு விஷயத்துக்கு அந்த உறவு தேவையுமில்லை.

ருசிக்குக் காரணம் வேறு. 1908இல் டோக்கியோப் பேராசிரியர் கிகுனே இகேதா, 'கொம்பு' என்ற கடற்பாசிச் சாற்றில் குளுட்டமேட்டைக் கண்டு, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொடாமா, கட்சுவோபுஷியில் இனோசினேட் இருப்பதைக் காட்டினார். இரண்டும் சேர்ந்தால் சுவை பலமடங்கு ஏறும். கொம்பையும் மீன்சீவலையும் சேர்த்து எடுக்கும் 'தாஷி' என்ற சாறுதான் ஜப்பானியச் சமையலின் அடித்தளம். தக்காளியிலும் குளுட்டமேட் நிறைய உண்டு. தக்காளிக் குழம்பில் அம்மா ஒரு பிடி மாசி இடித்துப் போட்டதும் அதே கணக்குத்தான். அம்மா இகேதாவைப் படிக்கவில்லை.

சைவக்காரிக்கு அன்று பெரும்பாடு. மீன் கண்ணுக்குத் தெரியாத மிசோ சூப், அவித்த மரக்கறி, முட்டைப் பொரியல் எல்லாவற்றிலும் தாஷி. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்கள் இதை மனதில் வைத்திருங்கள். "இறைச்சி, மீன் வேண்டாம்" என்றால் போதாது, "கொம்பு தாஷி மட்டும்" என்று கேட்கவேண்டும். பௌத்த மடங்களின் 'ஷோஜின்' சமையல் அப்படித்தான்.

இன்னொன்றும் நடந்தது. கியூபெக்காரர் ஒருவர் தன் குச்சியில் இருந்த துண்டை மற்றவரின் குச்சிக்குக் கொடுக்கப்போக, ஜப்பானியர் மெதுவாகத் தடுத்தார். தகனம் முடிந்து எலும்பு எடுக்கும்போதுதான் அப்படிக் குச்சியிலிருந்து குச்சிக்குக் கொடுப்பார்களாம். மேசையில் ஒரு கணம் யாருக்கும் பேச்சில்லை. காடாத்துக்குப் போய் அப்பாவின் எலும்பை எடுத்து மண்குடத்தில் வைத்தவன் நான். அதைச் சொன்னேன். ஜப்பானியர் ஒன்றும் பேசாமல் என் கிளாசை நிரப்பினார்.

ஜப்பானியச் சமையல் மரபு 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதே சூரை மீன் மணத்துக்கு மொன்றியலில் ஆட்கள் காசு கொடுத்து மேசை பிடிக்கிறார்கள். எங்கள் குசினியில் வந்தால் அது நாற்றம். பிழை மூக்கில் இல்லை, சமைப்பது யார் என்ற கணக்கில் இருக்கிறது. எனக்குக் கோபம் அதில்கூட இல்லை. அந்தக் கணக்கை நாங்களும் ஏற்றுக்கொண்டு எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டோம் என்பதில்தான். மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் சுஷி கொண்டுபோக ஆசைப்படுகிற என் மகள், புட்டும் சம்பலும் வேண்டாம் என்கிறாள். 2019இல் பக்கத்தில் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் திறந்தபின் பார்க் எக்ஸ்டென்ஷனில் வாடகை ஏறுகிறது, குடிவருகிற ஆட்களும் மாறுகிறார்கள். மாசி விற்கிற கடை எத்தனை வருஷம் தாங்குமோ தெரியாது. அதற்குள் அவள் அந்தக் கட்டையைக் கையில் எடுத்து மணந்து பார்க்கவேண்டும்.

டோக்கியோவிலிருந்து ஒரு பைக்கற் கட்சுவோபுஷி கொண்டுவந்தேன். அம்மா அதில் சம்பல் இடித்தார். மகள் இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். அம்மா ருசி பார்த்துவிட்டு, "மெல்லிசாய்க் கிடக்கு, இடிக்கத் தேவையில்லை, நல்லாய்த்தான் இருக்கு" என்றார். பிறகு விலை கேட்டார். சொன்னேன். மிச்சத்தைக் கட்டி அலுமாரியில் வைத்துவிட்டு, ஜோன் தலோனுக்குப் போகிறபோது கால் கிலோ மாசி வாங்கி வரச் சொன்னார்.