பாக்டீரியா தரும் கரன்ட்டை உப்பு எப்படித் திருடுகிறது?

சாக்கடைத் தண்ணீரில் கரன்ட் எடுக்கலாம் என்றால் ஃபார்வர்டு மெசேஜ் மாதிரி தோன்றும். ஆனால் நுண்ணுயிர்களை வைத்து மின்சாரம் எடுக்க முடியும் என்று 1911-லேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.சி.பாட்டர் காட்டிவிட்டார். பிறகு ஏன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை? பல காரணங்கள் உண்டு. அதில் அதிகம் பேசப்படாத ஒன்று, உப்பு.

நுண்ணுயிர் எரிபொருள் கலத்தில் இரண்டு அறைகள். நடுவில் ஒரு சவ்வு. ஆனோடு அறையில் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று எலெக்ட்ரானை வெளியே தள்ளும். அது ஒயர் வழியாகக் கேத்தோடு போய்ச் சேரும். ஈடாக, புரோட்டான் சவ்வு வழியே அந்தப் பக்கம் போகணும். கணக்கு அதுதான்.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது நேஃபியான் சவ்வு. ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் அது பிரமாதமாக வேலை செய்யும். அங்கே கடக்க வேண்டியது புரோட்டான் மட்டும்தான். கழிவுநீர் கதையே வேறு. பி.எச். 7 உள்ள தண்ணீரில் புரோட்டான் மிகக் குறைவு; சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் எல்லாம் அதைவிடச் சுமார் ஒரு லட்சம் மடங்கு அதிகம். சவ்வோ பிளஸ் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து உள்ளே விடும் வாட்ச்மேன். கும்பலாக நுழைவது சோடியம்தான்.

‘யார் போனால் என்ன, சார்ஜ் சரியாகிடுச்சே’ என்று விட முடியாது. புரோட்டான் தேங்கிய ஆனோடு பக்கம் புளிக்கும், பாக்டீரியா சோர்ந்துபோகும். கேத்தோடு பக்கம் காரம் ஏறி, கீசரில் படிவதுபோல் உப்பு படியும். இரு பக்கமும் ஒரு பி.எச். அளவு வித்தியாசப்பட்டால், 25 டிகிரி செல்சியஸில் சுமார் 59 மில்லிவோல்ட் போச்சு. நான்கு அளவு என்றால் 240-ஐ நெருங்கும். மொத்தமே அரை வோல்ட் சுற்றித் தரும் கலத்துக்கு இது பெரிய அடி.

சரி, சவ்வையே தூக்கிவிட்டால்? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாங் லியுவும் புரூஸ் லோகனும் 2004-இல் செய்து பார்த்தார்கள். குளுக்கோஸ் ஊட்டிய கலத்தில் மின்திறன் சதுர மீட்டருக்கு 262-லிருந்து 494 மில்லிவாட்டாக எகிறியது. ஆனால் ஆக்சிஜன் உள்ளே புகுந்ததால், உணவிலிருந்து மின்சாரமாகக் கிடைத்த எலெக்ட்ரானின் பங்கு 40-55 சதவீதத்திலிருந்து 9-12 சதவீதமாகச் சரிந்தது.

எனவே இன்னொரு வழி: மைனஸ் அயனிகளை மட்டும் விடும் சவ்வு. சோடியத்துக்குக் கதவு சாத்தப்படும். கேத்தோடில் சேரும் காரத்தை பாஸ்பேட், பைகார்பனேட் அயனிகள் சுமந்து ஆனோடு பக்கம் திரும்பக் கொண்டுவரும். கேத்தோடில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தினால் இந்தச் சுமைதூக்கிகள் கூடுவார்கள், காரமும் தணியும். குறை இல்லாமல் இல்லை: பாக்டீரியாவின் உணவான அசிட்டேட்டும் மைனஸ் அயனிதான், அதுவும் மெல்லக் கசியும்.

செலவைக் குறைக்க, காரக்பூர் ஐ.ஐ.டி.யில் சுட்ட மண்பானையையே சவ்வாக வைத்துக் கலம் செய்திருக்கிறார்கள்.

2009-இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகமும் லோகன் குழுவும் பிரச்சினையையே தலைகீழாக்கின. இரண்டு வகைச் சவ்வுகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரை வைத்தார்கள். பாக்டீரியா கரன்ட் தரத் தர, சோடியம் ஒரு பக்கமும் குளோரைடு மறுபக்கமும் வெளியேறின. ஆய்வகத்தில் 90 சதவீதம் வரை உப்பு குறைந்தது.