போர் கேமில் போன பணம்: முதலில் யாரிடம் போவது?

கிரெடிட் கார்டு பில் வந்த பிறகுதான் பல வீடுகளில் விஷயமே தெரியவருகிறது. 'கால் ஆஃப் டூட்டி' ஆடும் பையன் துப்பாக்கிக்குப் புது வண்ணம், சிப்பாய்க்குப் புது உடுப்பு என்று வாங்கித் தள்ளியிருப்பான். அல்லது முகம் தெரியாத எவனோ அவனுடைய கணக்குக்குள் புகுந்து வாங்கியிருப்பான். எது நடந்தது என்று யாரும் நிதானமாக விசாரிப்பதில்லை. பையனுக்கு அடி விழுகிறது. கேம் கன்சோலை ரீசெட் செய்து எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். ரசீது மின்னஞ்சல்களும் கோபத்தில் போய்விடுகின்றன. ஒரு வாரம் கழித்து வங்கிக் கிளையில் போய் நின்று, "யாரோ திருடிட்டாங்க சார்" என்று வாயால் ஒரு புகார். "கேம் கம்பெனிக்கே எழுதுங்க" என்று கவுன்ட்டரில் இருப்பவர் அனுப்பிவிடுகிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை, ஆதாரமும் இல்லை, கெடுவும் கடந்துவிட்டது. மீட்டிருக்கக்கூடிய பணம் இப்படித்தான் கைவிட்டுப் போகிறது.

ஆகவே முதல் எச்சரிக்கை: கன்சோலை ரீசெட் செய்யாதீர்கள். மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.

1999-இல் பிளேஸ்டேஷனுக்கு 'மெடல் ஆஃப் ஹானர்' வந்தபோது, வட்டுக்குப் பணம் கொடுத்ததோடு செலவு முடிந்தது. இன்று ஆட்டத்துக்குள்ளேயே கடை இருக்கிறது. 'கால் ஆஃப் டூட்டி' வரிசையில் 2017-இல் வந்த இரண்டாம் உலகப் போர் ஆட்டத்தில், நார்மண்டி கடற்கரையில் பரிசுப் பெட்டி வந்து இறங்கும். ஒருவர் அதைத் திறப்பதை மற்ற ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று பார்க்கலாம். பார்க்கிற பிள்ளைக்கும் ஆசை வரத்தானே செய்யும்? இத்தனைக்கும் அந்த ஆட்டத்தின் உறையில் '18' என்று ஐரோப்பிய வயதுக் குறியீடு சிவப்பில் இருக்கிறது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிறார்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பட்டனை அழுத்தியது யார்? பிள்ளையை மிரட்டினால் உண்மை வராது. உண்மை தெரியாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பயனில்லை.

உங்கள் பிள்ளைதான் அழுத்தினான், கன்சோலில் நீங்களே சேமித்து வைத்த கார்டிலிருந்துதான் பணம் போனது என்றால், அது வங்கி மோசடி அல்ல. வங்கியிடம் மோசடி என்று பொய் சொல்லாதீர்கள். வங்கி பணத்தைத் திரும்ப இழுத்தால், கேம் நிறுவனம் அந்தக் கணக்கையே முடக்கக்கூடும். அதில் முன்பு காசு கொடுத்து வாங்கிய ஆட்டங்களும் சேர்ந்து முடங்கும். நேராக நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து 14 நாளுக்குள் கோரிக்கை வைக்கலாம். சோனியும் 14 நாள் தருகிறது. ஆனால் பதிவிறக்கம் தொடங்கியிருந்தால் பொதுவாகக் கிடைக்காது. ஆட்டத்துக்குள் செலவிட வாங்கி, கணக்கில் சேர்ந்துவிட்ட பாயின்ட்ஸுக்கும், அதில் கோளாறு இருந்தாலொழிய, தரமாட்டார்கள்.

18 வயது நிறையாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் நிலை. ஆனால் கணக்கு உங்கள் பெயரில், அல்லது பிள்ளை பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்டுத் திறந்தது என்றால், அந்த வாதத்தை நீங்களே பலவீனமாக்கிவிட்டீர்கள். உண்மையான பிறந்த தேதியோடு குழந்தைக் கணக்கு திறங்கள். மாதச் செலவு வரம்பைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

வீட்டில் யாரும் அழுத்தவில்லை என்றால் கதை வேறு. இங்கேதான் நாள் கணக்கு உயிர்நாடி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கை தெளிவாக இருக்கிறது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை என்னும்போது, குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக்கூடாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். தெரிவித்த 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான், நீங்கள் அல்ல. கவுன்ட்டரில் இருப்பவர் இதைச் சொல்லமாட்டார். நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் வங்கியின் உதவி எண்ணுக்கு அழைத்து கார்டை முடக்கி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே கடிதமும் எழுதுங்கள். கார்டின் கடைசி நான்கு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் தேதி, நேரம், தொகை, ஸ்டேட்மென்ட்டில் உள்ளபடியே வணிகரின் பெயர், உங்களுக்குத் தகவல் வந்த நேரம், 'இதை நானோ என் குடும்பத்தாரோ செய்யவில்லை' என்ற ஒரு வரி, மேலே சொன்ன சுற்றறிக்கையின் தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். கன்சோல் திரையில் தெரியும் வாங்கியவற்றின் பட்டியலைப் படமெடுத்து இணையுங்கள். மின்னஞ்சலில் ஒன்று அனுப்புங்கள். கிளையில் ஒன்று கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள். கன்சோலின் வரிசை எண்ணையும் குறித்து வையுங்கள். பறிபோன கேம் கணக்கை மீட்கும்போது அது கைகொடுக்கும்.

மூன்றாவது வகைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. 'இலவச பாயின்ட்ஸ்' என்ற வலையில் விழுந்து, அப்பாவின் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் பிள்ளையே சொல்லிவிடுகிறான். விதிப்படி இது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம், தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. வங்கியை அழைத்த கையோடு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் போர்ட்டலில் முழு விவரத்தையும் பதிவு செய்யுங்கள். காவல் நிலையத்தில் "எங்க லிமிட் இல்லை" என்றால் நம்பாதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் நகராதீர்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ, ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இணையவழியே புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சந்தேகம் கேட்க 14448. கேம் நிறுவனத்தின் மேல் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பொய்யான அவசரம் காட்டி விற்பதை 2023 நவம்பரில் வந்த 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. அப்படிப்பட்ட விளம்பரத்தைக் கண்டால் படமெடுத்துப் புகாரோடு சேருங்கள்.

ஹெட்போனில் கேட்கும் அந்நியக் குரலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளையிடம் படம் கேட்டால், வேறு ஆப்புக்கு வரச் சொன்னால், அது பணப் பிரச்சினை அல்ல. உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கும் என்று அஞ்சினாலும் காவல்துறைக்குச் சொல்வது கடமை. மானம் போகும் என்று மூடி மறைக்காதீர்கள்.

கடைசியாக, இனி பணம் போகாமல் இருக்க கார்டை கன்சோலில் சேமிக்காதீர்கள். வெளிநாட்டு வணிகர் என்றால் ஓ.டி.பி. வராமலேயே பணம் போகக்கூடும். வங்கிச் செயலியில் 'சர்வதேசப் பரிவர்த்தனை' என்ற சுவிட்ச் இருக்கும். அதை இன்றே அணைத்து வையுங்கள், ஆன்லைன் செலவுக்கும் ஒரு வரம்பு போடுங்கள். இந்த வசதியைத் தர வேண்டும் என்று 2020-இலேயே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டுவிட்டது. பிள்ளைக்கு ஏதாவது வாங்கித் தந்தே ஆக வேண்டுமானால், கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணை மட்டும் கணக்கில் சேருங்கள். கார்டு இணைக்காத கணக்கில், வாலட்டில் இருப்பதற்கு மேல் ஒரு ரூபாயும் போகாது.