மூன்றடிப் பயணி

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூன்று வயதுக் குழந்தை இருந்தால், ஓர் அளவு நாடாவை எடுத்துத் தரையிலிருந்து அதன் கண் வரை உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் இருக்கும். பிறகு நீங்களும் அந்த உயரத்துக்குக் குனிந்து, ஆட்கள் நிறைந்த ஒரு கூடத்தைச் சுற்றிப் பாருங்கள். என்ன தெரிகிறது? கால்சட்டைகள், புடவை மடிப்புகள், தொங்கும் கைகள், பைகள். முகங்கள் தெரியமாட்டா. உயரே மாட்டியிருக்கும் வழிகாட்டிப் பலகைகளும் தெரியமாட்டா.

விடுமுறைக் காலத்தில் ஒரு நள்ளிரவு, சென்னை விமான நிலையத்தில் மூன்று வயதுக் குழந்தை காணும் காட்சி இதுதான். ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் நிலையம் அது. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் விமானங்களில் பல, நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில் புறப்படுகின்றன. அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அம்மா இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவரிடம் போகிறார். அந்த இருவரில் மூத்தவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் ஒரு கையில் கடவுச்சீட்டுகள், மறு கையில் பை. ஆகவே தங்கை உங்கள் பொறுப்பு.

விமான நிலையத்தில் உள்ளவை பெரும்பாலும் வளர்ந்த மனிதரின் அளவுக்குச் செய்யப்பட்டவை. அந்த அளவில் அடங்காத மூன்றடிப் பயணி ஒருத்தியை வீட்டு வாசலிலிருந்து விமானம் தரையிறங்கும் வரை பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். பையில் எதை எடுத்து வைப்பது என்பது அம்மாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பௌதிகமும் கணிதமும் எங்கெங்கே கைகொடுக்கின்றன என்று நாம் பார்ப்போம்.

வரிசையின் கணக்கு

விமான நிலையம் என்பது வரிசைகளின் தொகுப்பு. வாயிலில் ஒரு வரிசை, பெட்டிகளை ஒப்படைக்க ஒரு வரிசை, குடியேற்றச் சோதனைக்கு ஒன்று, பாதுகாப்புச் சோதனைக்கு ஒன்று, விமானத்தில் ஏற ஒன்று. வரிசைகளைப் பற்றிய கணிதம் தொலைபேசியில் பிறந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர், கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்கு வரும் அழைப்புகளைக் கணக்கிட்டு 1909-இல் எழுதிய கட்டுரையே அதன் தொடக்கம். 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் ஓர் எளிய விதியை நிறுவினார். வரிசையில் உள்ளோர் எண்ணிக்கையை, ஒரு நிமிடத்தில் வெளியேறுவோர் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைத்துவிடும். இவ்வளவுதான்! உங்களுக்கு முன்னால் 48 பேர். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் நிமிடத்துக்கு 3 பேர் வெளியேறுகிறார்கள். ஆகவே 16 நிமிடம். தங்கையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது வரிசையில் சேருவதற்கு முன்பா, பின்பா என்ற கேள்விக்கு இந்த வகுத்தல் விடை சொல்லிவிடும்.

சிறிது தாமதமாக வந்தால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் நினைப்பதுண்டு. ஒரே ஒரு மேசை இருப்பதாகக் கொள்ளுங்கள். ஆட்கள் ஒழுங்கின்றி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் ஒழுங்கின்றி மாறுகிறது. சராசரியாக ஒருவருக்கு 2 நிமிடம். மேசையில் இருப்பவருக்குப் பாதிப் பொழுதுதான் வேலை என்றால், காத்திருக்கும் சராசரி நேரம் 2 நிமிடமே. நூற்றுக்கு 80 பங்குப் பொழுது வேலை இருந்தால் அது 8 நிமிடம் ஆகிறது. 90 பங்கு என்றால் 18 நிமிடம். 95 பங்கு என்றால் 38 நிமிடம்! வேலை ஏறக்குறைய இரு மடங்காகும்போது காத்திருப்பு 19 மடங்காகிவிடுகிறது. பல விமானங்கள் ஒரே நேரத்தில் புறப்படவிருக்கும் நள்ளிரவில், அரை மணி முன்னதாக வந்தவர் சில வேளை ஒரு மணி நேரத்தையே மிச்சம் பிடிப்பது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அது நாம்தான். தனியாகச் செல்லும் ஒருவர் பையைத் தட்டில் வைத்துவிட்டு அரை நிமிடத்தில் போய்விடுவார். குழந்தை வண்டியை மடித்து, பால் புட்டியை எடுத்துக் காட்டி, பொம்மையைப் பிரிய மறுக்கும் தங்கையைச் சமாதானப்படுத்தி, நீங்கள் நகர மூன்று நிமிடம் ஆகும். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரம் இப்படி ஏறி இறங்கினால், சராசரி மாறாவிட்டாலும் வரிசை நீளும். இதை 1930-களிலேயே பொலாசெக், கின்சின் என்ற இரு கணித அறிஞர்கள் சூத்திரமாக்கிவிட்டார்கள். ஆகவே குழந்தைகளுடன் வருவோரைத் தனி வரிசையில் விடுவது இரக்கம் மட்டுமன்று, கணக்கும்கூட. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் 2008-இல் இதைச் செய்து பார்த்தார்கள். பனிச்சறுக்கு மலைச்சரிவுகளில் வைக்கும் அடையாளங்களைப் போலவே, விரைந்து செல்வோருக்குக் கறுப்பு, மற்றவர்களுக்கு நீலம், குடும்பங்களுக்குப் பச்சை என்று மூன்று வழிகள். எந்த வழி என்பதைப் பயணிகளே தேர்ந்துகொள்ள வேண்டும். உங்கள் நிலையத்தில் அப்படிப் பலகை இல்லாவிட்டாலும், அங்குள்ள ஊழியரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அரைஞாணும் பாரடேயும்

பாதுகாப்புச் சோதனையில் இரண்டு வெவ்வேறு கருவிகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறிவது மிக முக்கியம். பைகள் நகரும் பட்டையில் ஊர்ந்து செல்லும் பெட்டிக்குள் இருப்பவை எக்ஸ் கதிர்கள். உணவு, துணி, பிளாஸ்டிக் போன்றவற்றை ஆரஞ்சு நிறத்திலும், உலோகத்தை நீல நிறத்திலும் அது திரையில் காட்டும். ஆட்கள் நடந்து செல்லும் கதவில்லா நிலையிலோ எக்ஸ் கதிர் கிடையாது. அங்கே இருப்பது மாறிக்கொண்டே இருக்கும் வலிமை குறைந்த காந்தப் புலம்.

இவற்றைக் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும்? 2006 டிசம்பரில் லாஸ் ஏஞ்செல்ஸ் விமான நிலையத்தில் ஒரு பாட்டி, ஒரு மாதமே ஆன தம் பேரனைப் பிளாஸ்டிக் தட்டில் கிடத்திப் பட்டையில் அனுப்பிவிட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் திடுக்கிட்டு வெளியே இழுத்தார். குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று சோதித்ததில், உடலில் பட்ட கதிரின் அளவு ஆபத்தானது அன்று என்று மருத்துவர்கள் கூறினார்கள். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டை, செருப்பு, பை எல்லாம் தட்டில் போகும்போது எது போகக்கூடாது என்று அவருக்கு யாரும் புரியும்படி சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தை வண்டி மடித்துப் பட்டையில் போகலாம். குழந்தை எப்போதும் கையில்தான் போக வேண்டும். பட்டை தங்கையின் கண்ணுக்கு விளையாட்டு ரயில் போலத் தெரியும் என்பதால், அங்கே அவள் கையை விடாதீர்கள்.

காந்தப் புலம் உள்ள நிலையைத் தாண்டும்போது ‘பீப்’ என்று ஒலித்தால் தங்கை மிரண்டு அழக்கூடும். காரணம் பெரும்பாலும் நம் வீட்டுப் பழக்கமே: வெள்ளிக் கொலுசு, காப்பு, இடுப்பில் வெள்ளி அரைஞாண், சட்டையில் ஊக்கு. மாறும் காந்தப் புலத்தில் உள்ள கடத்தியில் மின்னோட்டம் தூண்டப்படும் என்று பாரடே 1831-இல் கண்டறிந்ததைப் படித்திருக்கிறீர்கள். உலோகங்களுள் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. மூடிய வளையமாக இருந்தால் மின்னோட்டம் சுற்றிவர வழியும் கிடைத்துவிடுகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறு காந்தப் புலத்தைத்தான் கருவி மோப்பம் பிடிக்கிறது. பாரடேயின் பரிசோதனையைத் தங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு வருகிறாள்! கொலுசையும் காப்பையும் வீட்டிலேயே கழற்றிப் பையில் வைத்துவிடலாம். ‘ஒரு வாசல் நமக்குப் பாட்டுப் பாடும்’ என்று முதல் நாளே சொல்லி வைத்தால் பயமும் குறையும்.

நீர்மங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006-க்குப் பிறகு பல நாடுகளில் கைப்பையில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட புட்டிகளுக்குத் தடை வந்தது. குழந்தைக்கு வேண்டிய பாலுக்கும் மருந்துக்கும் பொதுவாக விலக்கு உண்டு. தனியே எடுத்துக் காட்ட வேண்டும். பாலின் தேவை விமானத்துக்குள்தான் வரப்போகிறது.

ஒரு நிமிடம், ஐம்பது மீட்டர்

சோதனை முடிந்து, அம்மா தட்டுகளிலிருந்து பொருள்களைத் திரும்ப எடுக்கிறார். நீங்கள் செருப்பை மாட்டுகிறீர்கள். நிமிர்ந்து பார்த்தால் தங்கையைக் காணோம். குழந்தைகள் தவறிப்போவது இத்தகைய கணங்களில்தான்.

நொடிக்கு 80 சென்டிமீட்டர் நடந்தால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 50 மீட்டர். எந்தத் திசை என்று தெரியாததால், 50 மீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதையும் தேட வேண்டும். அதன் பரப்பு சுமார் 7,850 சதுர மீட்டர். இரண்டு நிமிடம் கழிந்தால் ஆரம் 100 மீட்டர்; பரப்பு 31,400 சதுர மீட்டர். மூன்றாம் நிமிடத்தில் 70,000-ஐத் தாண்டிவிடுகிறது. நேரம் மும்மடங்கானால் தேட வேண்டிய இடம் ஒன்பது மடங்கு! முதல் நிமிடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு மௌனமாகத் தேடுவது வீண். உரக்கக் கூப்பிடுங்கள்; ‘மஞ்சள் சட்டை, மூன்று வயதுப் பெண்’ என்று அருகில் உள்ளோர் எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். சீருடையில் இருக்கும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரிடம் உடனே தெரிவியுங்கள். அன்று காலை அதே சட்டையில் எடுத்த புகைப்படம் கைப்பேசியில் இருந்தால் வர்ணிக்கும் வேலை மிச்சம்.

ஆனால் வட்டத்தை விரியாமல் நிறுத்தக்கூடியவள் ஒருத்திதான். அவள் நின்றுவிட்டால் ஆரம் வளராது. ‘அம்மாவைக் காணோம் என்றால் ஓடாதே, நின்ற இடத்திலேயே சிலைபோல நில், அக்கா வந்துவிடுவேன்’ என்று வீட்டிலேயே விளையாட்டாகப் பலமுறை பழக்குங்கள். 85 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அவளால் உங்களைத் தேட முடியாது. உங்களால் அவளைத் தேட முடியும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை போடுவதும், மணிக்கட்டில் மையால் தொலைபேசி எண் எழுதுவதும் அதற்கு உதவும்.

நகரும் படிக்கட்டிலும் கவனம் வேண்டும். மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு உராய்வு அதிகம். படியின் ஓரத்தில் நிற்கும் பாலன் செருப்பு பக்கத் தகட்டில் உராய்ந்தால், அது வழுக்கி விலகாமல் ஒட்டிக்கொண்டு இடுக்குக்குள் இழுபடும். நடுப்படியில் நிறுத்துங்கள், குழந்தை வண்டி இருந்தால் மின்தூக்கியே நல்லது.

செவிக்குள் ஒரு வாயில்

விமானத்தில் ஏறியாயிற்று. இனித் தங்கை தூங்கிவிடுவாள் என்று நிம்மதி கொள்வோம். உண்மையான துன்பம் இறங்கும்போதுதான் வரும்.

விமானம் 10 கிலோமீட்டருக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றை அடைத்து அழுத்தத்தை உயர்த்தி வைத்திருப்பார்கள். ஆனால் தரையில் உள்ள அளவுக்கு அன்று. கடல் மட்டத்து அழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். உதகமண்டலத்தில் நிற்பதைப் போல என்று கொள்ளலாம். செவிப்பறைக்கு உட்புறம் நடுச்செவி என்ற சிறு அறை உண்டு. அதைத் தொண்டையுடன் இணைப்பது யூஸ்டேஷியன் குழல்; 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் யூஸ்டாக்கியின் பெயரால் வழங்குகிறது. மேலே ஏறும்போது நடுச்செவிக் காற்று விரிந்து, குழலைத் தானே திறந்துகொண்டு வெளியேறும். இறங்கும்போது கதை வேறு. வெளி அழுத்தம் கூடக் கூட, மென்மையான குழலின் சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே செல்லும் வாயிலைத் தசைகள்தாம் இழுத்துத் திறக்க வேண்டும். அத்தசைகள் வேலை செய்வது நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்.

திறக்காவிட்டால்? செவிப்பறையின் பரப்பு ஏறக்குறைய 0.6 சதுர சென்டிமீட்டர், தடிப்பு 0.1 மில்லிமீட்டர். கால் பங்கு வளிமண்டல அழுத்த வேறுபாடு அதன்மேல் முழுவதும் விழுந்தால் சுமார் 150 கிராம் எடை. சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு சவ்வின்மேல் இவ்வளவு சுமை! வியப்பு என்னவென்றால், குழந்தை பிறக்கும்போதே செவிப்பறை ஏறத்தாழ வளர்ந்தவர்களின் அளவில் இருக்கிறது. குழலோ அப்படியில்லை. குழந்தைக்கு அது பாதி நீளம், குறுகல், சாய்வாக இல்லாமல் கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடக்கிறது, தசைகளும் வலுவற்றவை. சுமை பெரியவர்களுக்கு உள்ளது. வாயில் மட்டும் சிறியது. சளி பிடித்திருந்தால் அதுவும் வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது புறப்படுமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதிக் காதைச் சரிசெய்துகொள்ளலாம். மூன்று வயதுக்காரியிடம் அது நடக்காது. அவளுக்கு விழுங்க ஏதேனும் வேண்டும். உள்ளழுத்தம் நிமிடத்துக்குச் சுமார் 100 மீட்டர் இறங்குவது போன்ற வேகத்தில் கூடுவதால், 2,400 மீட்டர் உயரத்துக்கு ஈடான நிலையிலிருந்து தரைக்கு வர 24 நிமிடம் ஆகும். பாலை முதல் ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்துவிட்டால் மீதி நேரத்துக்கு என்ன செய்வது? இறங்கத் தொடங்குகிறோம் என்று விமானி அறிவித்ததும் அவளை எழுப்பி உட்கார வையுங்கள். தூங்கும் குழந்தை அரிதாகத்தான் விழுங்கும். பிறகு சிறிது சிறிதாகக் கொடுங்கள். எல்லாம் தீர்ந்து அவள் அழுதால், அழட்டும். அழும்போதும் குழல் திறக்கிறது. முன் இருக்கைக்காரர் திரும்பி முறைத்தால் இதை அவருக்கு விளக்கிச் சொல்லலாம்.

காலியான பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி ஒன்றை, விமானம் உயரத்தில் இருக்கும்போதே இறுக மூடித் தங்கையின் மடியில் வைத்து விடுங்கள். இறங்க இறங்க அது ‘டப், டப்’ என்று ஒடுங்கும். பாயில் விதிப்படி, ஒரு லிட்டர் காற்று தரையில் முக்கால் லிட்டராகிவிட வேண்டும். சக்கரங்கள் தரையைத் தொட்டபின் அவளையே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உஸ்ஸென்று உள்ளே போகும் காற்றின் ஒலி அவள் காதுக்கும் கேட்கும்.