சிரிக்காத மாமியார்!

2015 டிசம்பர் வெள்ளத்தில், கோட்டூர்புரத்தில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் புகுந்து, என் கல்யாண ஆல்பம் கூழாகி விட்டது. 'போனால் போகட்டும், நாத்தனார்தான் எல்லாப் படத்தையும் இன்டர்நெட்டில் ஏத்தி வெச்சிருக்காளே' என்று நிம்மதியாக இருந்துட்டோம்.

போன மாதம் மாமியார் தவறிட்டாங்க. மாலை போட நல்ல படம் வேண்டுமே என்று தேடினால், படம் மட்டுமல்ல, அந்தச் சேவையே இல்லை! எப்போதோ மூடி விட்டார்களாம். பழைய மெயிலுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். அதை யார் திறந்தது? வாடகை வீடு என்றால் கூட, கதவைத் தட்டி காலி பண்ணச் சொல்வார்கள்.

பெரிய கம்பெனிகளும் இப்படித்தானாம். ஊரே கூடிக் கும்மாளம் போட்ட ஆர்க்குட்டை, 2014 செப்டம்பர் 30ல் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயிற்று. இரண்டு வருடம் தொடாத கூகுள் கணக்குகளை, 2023 டிசம்பரிலிருந்து நீக்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய கணக்கு இருந்தால், இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள், தோழிகளே!

கடைசியில், வாக்காளர் அட்டையிலிருந்த படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். எப்போதும் சிரித்த முகமாகவே இருந்தவங்க, அதில் மட்டும் சிரிக்கவே இல்லை.

- ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை.